சாமிக்கு ஒரிஜினல்

இருசப்பண்ணன் பிஸ்கட் டின்னைத் திறந்து என் மேசையில் கவிழ்த்ததும், உள்ளிருந்து பழுப்பு நிற டேப் குடல் மாதிரிச் சரிந்து விழுந்தது. பாதி கசங்கியும் பாதி முறுக்கேறியும் கிடந்தது. கோலா சிலாங்கூர் பஸ் ஸ்டேஷனுக்கு எதிரே பாட்டுப் பதிவுக் கடை வைத்திருக்கிறேன். மிஷின் கடித்த கேசட் எனக்குப் புதிதில்லை. ஆனால் இதன் மூடியில் ஒட்டியிருந்தது என் கையெழுத்து. ‘சின்னத்தாய், அம்மன் பாட்டு.’ இதே கடையில், இதே மேசைக்கு முன்னால் அக்காவை உட்காரவைத்து நான் பதிந்தது.

“கோயில் மிஷினு கடிச்சிருச்சு சந்திரிகா” என்றார். அவருக்குப் பின்னால் அவர் பெண்சாதி சின்னத்தாயக்கா கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டபடி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். “வாங்கக்கா” என்றேன். தலையை மட்டும் அசைத்தார்.

இருசப்பண்ணன் ஈஜோக் பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மைக் செட்டும் அவர் பொறுப்புதான். விடிந்தும் விடியாமலும் ஒலிபெருக்கியில் தன் பெண்சாதி குரலைப் போட்டு தோட்டத்து லயத்து வீடுகளையே எழுப்பிவிடுவதில் மனிதருக்கு அப்படியொரு பெருமை. ஒரிஜினலை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள், கோயிலுக்குக் காப்பி போதும் என்று அப்போதே தலையில் அடித்துக்கொண்டேன். எச்சில் சோற்றைப் படைக்கச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். “சாமிக்குப் போயி காப்பியப் போடறதா?” அவ்வளவுதான். ஒரிஜினல் கோயிலுக்குப் போனது. தூசியும் சூடத்துப் புகையும் குடித்த அந்த மிஷினில் தினமும் தேய்ந்தது.

வீட்டுக்கென்று எடுத்த காப்பியாவது உருப்படியாக எடுக்கவிட்டாரா? நூற்றிருபது நிமிட கேசட் ஒன்றை நீட்டி, அக்கா பாட்டோடு சினிமாப் பாட்டு, பட்டிமன்றம், நகைச்சுவை எல்லாவற்றையும் அதிலேயே திணிக்கச் சொன்னார். பஸ் வந்துவிடும் என்று இரட்டை வேகத்தில் எடுக்கச் சொன்னார். நீள கேசட்டில் டேப் மெல்லிசு, அவசரமாக எடுத்தால் குரலில் மினுமினுப்பு போய்விடும், போனது திரும்பாது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். “வூட்டுக்குத்தான, போதும்லா” என்று சிரித்தார். அந்தக் காப்பிதான் இப்போது மிச்சம். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, குழந்தையைத் தருவதுபோல் இரண்டு கையாலும் தந்தார்.

போன வருஷம் சின்னத்தாயக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்து ஆப்பரேஷன் நடந்தது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம். குரல்தான் திரும்பவில்லை.

“வூட்ல பேசறதே இல்லம்மா” என்றார், பெண்சாதி அங்கே இல்லாத மாதிரி. “பழைய பாட்டக் கேட்டா மனசு தேறுமேன்னு டெய்லி சாயங்காலம் போடறேன். எந்திரிச்சிக் கொல்லப்பக்கம் போயிடறா. இந்த இரைச்சலாலதான் புடிக்கல போல. அத மட்டும் எடுத்துரு. ஆடித் திருவிழாவுக்குப் போடணும், அவளும் கேக்கணும்.”

பாவமாக இருந்தது. திட்ட நினைத்ததை விழுங்கிக்கொண்டு கேசட்டைப் போட்டேன். மழை பெய்கிற தகரக் கூரைக்குக் கீழே யாரோ பாடுவது போலிருந்தது. கூர்மையைக் கூட்டினேன், குரலோடு இரைச்சலும் சேர்ந்து ஏறியது. இரைச்சலைக் குறைக்கிற பொத்தானை அமுக்கினேன், மழை நின்றது. கூடவே, வரிக்கு வரி அக்கா மூச்சு வாங்குவாரே, அதுவும் போனது. போர்வைக்குள்ளிருந்து வேறு யாரோ பாடினார்கள்.

“ஆங், இதுதான்! இது தெளிவா இருக்கு” என்றார் இருசப்பண்ணன்.

“தெளிவு இல்லண்ணே. பாதி ஆளத் தொடச்சி எடுத்தாச்சு.”

“அப்ப இதுலேருந்து இன்னொரு காப்பி எடு. அதச் சரிபண்ணிப் பாப்போம்.”

ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. சின்னத்தாயக்கா எழுந்து வந்து, பட்டென்று மிஷினை நிறுத்தினார்.

“எத்தன காப்பிதான் எடுப்ப?” சருகு மிதிபடுவது போன்ற குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. “நான் வாயத் தொறக்கறப்பல்லாம் டேப்புல இருக்கற அவளப் போடற. நான் இங்கதான இருக்கேன்.”

இருசப்பண்ணன் மிஷினை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “புது கேசட் போடு சந்திரிகா. அறுபது நிமிசமே போதும்.”

மைக்கை அவர் வாய்க்கு நெருக்கி வைத்தேன். அதே அம்மன் பாட்டைத்தான் தொடங்கினார். ராகம் ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல் காற்றாக வந்தது. மிஷினில் சத்த அளவைக் காட்டும் முள் எழும்பவே இல்லை. பதிவில் விசிறிச் சத்தம்தான் விழும் போலிருந்தது. வெளியே கிள்ளான் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

இருசப்பண்ணன் நகர்ந்தார். சத்தத்தைக் கூட்டத்தான் கை நீட்டுகிறார் என்று நினைத்தேன். ஆயுசுக்கும் அதைத்தானே செய்தவர். அவர் மிஷினைத் தாண்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அப்புறம் விசிறியையும் நிறுத்தினார். இறக்கைகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன.

வியர்வை வழிய, முழங்காலில் கையூன்றிக் குனிந்து, காதை அக்கா பக்கம் கொடுத்து நின்றார். பாட்டு தொடர்ந்தது. மிஷினில் அந்த முள் லேசாக அசைந்து, விழுந்து, மறுபடி அசைந்தது.