இடது முட்டியின் விலை

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு இடது முட்டி போனால் பாதிப் பிழைப்பு போன மாதிரிதான். கிளட்சை மிதிக்கிற கால் அது. பதினேழு வருஷம் நெரிசலில் மிதித்து மிதித்து வேன் அக்காவின் முட்டி தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசியது. பிள்ளைகளும் சரி, பெற்றோரும் சரி, அவளை வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாத்தித்தாம்மா ஆகணும்" என்றார். பில்லிங் கவுண்டரில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

அவள் மலைத்துப்போய் உட்காரவில்லை. டியூஷன் சென்டருக்கு மாலையில் இரண்டு நடை கூடுதலாக அடித்தாள். முட்டியில் பட்டை கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, பதினாலு மாதத்தில் தொகையைத் தேற்றிக்கொண்டு போனால், அது இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரமாக ஏறியிருந்தது. "விலைவாசிம்மா" என்றார்கள். திரும்பி வந்து இன்னும் ஒரு வருஷம் மிதித்தாள். மறுபடி போனாள். இரண்டு தொண்ணூறு.

முட்டியைச் சரிபண்ண ஓடிய ஓட்டத்தில் முட்டி இன்னும் தேய்ந்ததுதான் மிச்சம்.

இந்தத் தடவை கவுண்டரில் இருந்த பில்லிங் அதிகாரி தெரிந்த முகம். அவருடைய இரட்டைப் பெண்கள் அவள் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"எஸ்டிமேட்டுக்கு முப்பது நாள்தான்க்கா கெடு. கீழ எழுதியிருக்கு பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கத்தான் இருந்தது.

"சார், போன வருஷம் டீசல் ரெண்டு தடவை ஏறுச்சு. மாசம் அம்பது கூடக் குடுங்கன்னு உங்க வாசல்ல வந்து நின்னேன். என்ன சொன்னீங்க?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"வருஷ ஆரம்பத்துல பேசின பேச்சு பேச்சுதான், நடுவுல ஏத்தக் கூடாதுன்னீங்க. நானும் வாயை மூடிக்கிட்டுப் போனேன். எனக்கு ஒரு நியாயம், உங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு நியாயமா?"

"என் கையில என்னக்கா இருக்கு? எல்லாம் ஏறிடுச்சு."

"எல்லாம்னா எதெது? மூணு எஸ்டிமேட்டையும் பிரிச்சுப் போட்டுக் குடுங்க."

"அப்படிக் குடுக்கறதில்ல. இது பேக்கேஜ்."

"என் முட்டி பேக்கேஜ் இல்ல சார்." நாற்காலியை இழுத்துக் கவுண்டருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். "மெதுவாவே எடுங்க. நாலு மணிக்குத்தான் எனக்கு ஸ்கூல்."

பின்னால் வரிசை நீண்டது. யாராவது சிடுசிடுப்பார்கள் என்று நினைத்தாள். மாறாக, "எங்கம்மா கண் ஆபரேஷனுக்கும் இதே கதைதாங்க" என்று ஒரு பெண் கைப்பையிலிருந்து இரண்டு எஸ்டிமேட்டை உருவினாள். சட்டையெல்லாம் வெள்ளைத் தெறிப்போடு நின்ற பெயிண்டர், "அப்படியே எனக்கும் பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்கக்கா" என்றார்.

அரைமணி கழித்துத் தாள் வந்தது. அவள் சத்தமாகவே படித்தாள். உள்ளே வைக்கிற மூட்டின் விலை மூன்று எஸ்டிமேட்டிலும் காலணா ஏறவில்லை. டாக்டர் கூலி கொஞ்சம் ஏறியிருந்தது. அதை அவள் குறை சொல்லவில்லை, அவரும் பிழைக்க வேண்டுமே. அறை வாடகை இரட்டிப்பு. 'இதர சேவைகள்' மட்டும் நாலு மடங்கு.

"இதரன்னா என்ன சார்?"

அதற்குள் நிர்வாகி இறங்கி வந்து, அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போய்க் காப்பி வரவழைத்தார். "உங்களுக்காக நாப்பதாயிரம் குறைச்சுக்கறோம்மா. வெளிய சொல்லிக்க வேணாம்."

நாற்பதாயிரம் என்றால் எட்டு மாத டியூஷன் நடை. முட்டி ஒருதரம் சுரீரென்றது.

"எனக்கு மட்டும் குறைச்சா அது தர்மம் சார். நான் தர்மம் கேட்டு வரல. வெளிய நிக்கிற எல்லாருக்கும் எழுதிக் குடுங்க, அப்ப அதை ரேட்டுன்னு ஒத்துக்கறேன்."

காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தாள். வாசலில் பெயிண்டர் அவள் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாப்பதாயிரத்தை வேணாம்னுட்டு நொண்டிக்கிட்டு வந்திருக்கியே! வீம்புக்கும் ஒரு அளவு வேணாமா?"

"வீம்புதான். கால்தானே தேஞ்சிருக்கு, வாய் தேயலயே."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, அந்தத் தாளோடு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். ஐந்தாவது இடம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதே எலும்பு டாக்டர் புதன்கிழமைதோறும் அங்கே வந்து ஆபரேஷன் செய்கிறாராம். அதே மூட்டு, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். என்ன, வரவேற்பறையில் சோபா கிடையாது. வேன் அக்கா அங்கே தேதியையும் தொகையையும் எழுதி வாங்கினாள். கெடு என்றிருந்த வரியை அவர்கள் கையாலேயே அடிக்கவைத்து, பக்கத்தில் கையெழுத்தும் போடவைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து முதல் பத்து நாள் வலி உயிரை எடுத்தது. காலை மடக்கி நீட்டச் சொன்ன பிசியோதெரபிப் பெண்ணை வாயில் வந்தபடியெல்லாம் திட்டிவிட்டு, பிறகு மன்னிப்பும் கேட்டாள். மூன்று மாதம் அவள் தங்கை வேனை ஓட்டினாள். நாலாம் மாதம் வேன் அக்கா கிளட்சை மிதித்தபோது சத்தமும் இல்லை, உரசலும் இல்லை. இரண்டு தெரு தாண்டும்வரை அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

அந்த வாரம் பெயிண்டர் போன் செய்தார்.

"அக்கா, விஷயம் தெரியுமா? பெரிய ஆஸ்பத்திரில எஸ்டிமேட் கெடுவைத் தொண்ணூறு நாளாக்கிட்டாங்க. எல்லாம் உங்களாலதான்!"

"ரேட்டு?"

"ரேட்டு அப்படியேதான் இருக்கு."

"தொண்ணூறு நாள்ல யாருங்க மூணு லட்சம் சேர்ப்பா? உங்களை மாதிரி எஸ்டிமேட்டைக் கையில வச்சுக்கிட்டு எத்தனை பேர் இருக்காங்க?"

"எனக்குத் தெரிஞ்சு பதினோரு பேர்."

"சனிக்கிழமை எனக்கு ஸ்கூல் கிடையாது. எல்லாரையும் பத்து மணிக்குத் தெருமுனையில வந்து நிக்கச் சொல்லுங்க. ஒண்ணாப் போய் அந்தக் கவுண்டர்லயே உக்காந்து கணக்கைப் பிரிச்சுக் கேப்போம். வேன்ல பதினாலு சீட்டு இருக்கு, இன்னும் ரெண்டு மூணு பேர் கிடைச்சாலும் கூட்டிட்டு வாங்க."