முட்டியில் நிற்காத ஆடு

கெரெயாமாவின் கால்முட்டிப் பிடியிலிருந்து ஆடு நழுவி, பாதி ரோமம் தொங்கத் தொங்க ஓடியபோது அந்த ஆஸ்திரேலியப் பண்ணையின் ரோமம் கத்தரிக்கும் கொட்டகையே சிரித்தது.

"என்னடா, ஆடு விவாகரத்து கேக்குதா?" என்றான் பக்கத்தில் கத்தரித்துக்கொண்டிருந்த நெவில். அந்தக் குழுவுக்குத் தலைவன் அவன்தான்.

கம்பளி பிரிக்கும் மேஜையில் நின்ற ஹூயா மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டைப் பிடித்து வைப்பது கையல்ல, முட்டி. தன் புருஷன் கெரெயாமாவின் முட்டியிலிருந்து ஒரு ஆடு நழுவி அவள் பார்த்ததே இல்லை.

டீ குடிக்கும்போது, தோள்பட்டைகளுக்கு நடுவே கடப்பாரையால் குத்தியதுபோல் திடீரென்று வலிப்பதாக அவன் சொல்லியிருந்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தத் தொழிலில் முதுகு வலிக்காதவன் யார்?

இப்போது அவன் பலகைத் தரையில் சரிந்து உட்கார்ந்தான்.

"குப்புறப் போடு. நான் ஏறி மிதிச்சா சரியாப் போயிடும்," என்று நெவில் வந்தான். கொட்டகைகளில் அதுதான் வைத்தியம்.

"அவன் மேல கால வச்ச, கால ஒடிச்சிடுவேன்," என்றாள் ஹூயா.

குனிந்து அவன் பாதத்தைப் பிடித்தாள்.

"கிள்றேன், தெரியுதா?"

"கிள்ளு, சொல்றேன்."

அவள் நகம் பதியக் கிள்ளிக்கொண்டுதான் இருந்தாள்.

உடனே, விமானத்தில் வந்து வைத்தியம் பார்க்கும் டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கால் மரத்துப்போனதைச் சொன்னாள்.

"விழுந்தாரா? அடி ஏதாவது?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல. சின்ன வயசுல காய்ச்சல்ல இதயம் கெட்டு, உலோக வால்வு வச்சிருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறான்."

"வேற மாத்திரை?"

நெவிலின் முகம் வெளுத்தது. "முதுகுவலி மாத்திரை... ஒரு வாரமா நான்தான் குடுத்தேன். எல்லாரும் போடறதுதானே?"

"ரெண்டும் சேந்தா ரத்தக்கசிவு வரலாம்," என்றார் டாக்டர். " தண்டுவடத்தைச் சுத்தி ரத்தம் தேங்கி நசுக்குதோன்னு சந்தேகப்படறேன். அடிபடாமலே வரும். ஸ்கேன் பாத்தாத்தான் உறுதி. மிதிக்காதீங்க, நீவாதீங்க, எதுவும் விழுங்கக் குடுக்காதீங்க. விமானம் கிளம்புது."

விமானம் இறங்கவேண்டிய பண்ணை ஓடுதளத்தில் மேய்ந்த ஆடுகளை விரட்ட நெவில் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

அடிலெய்ட் நகர ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் அதையே சொன்னது. அறுவை டாக்டரம்மா சுற்றிவளைக்கவில்லை. "முதுகெலும்புல கொஞ்சம் எடுத்துட்டு, உறைஞ்ச ரத்தத்தை வெளியேத்தணும். அதுக்கு முன்னாடி, ரத்தம் உறையாம தடுக்கிற அந்த மாத்திரையோட வேகத்தை முறிக்க மருந்து ஏத்தணும். அதனால வால்வு அடைக்கிற ஆபத்து இருக்கு. ஆனா தள்ளிப்போட்டா கால் திரும்பாமப் போகலாம்."

கெரெயாமா மனைவியைப் பார்த்தான். "வால்வு நின்னுட்டா?"

"நெஞ்சுல குத்தி ஓட வைக்கிறேன். முதல்ல சரின்னு சொல்லு."

"சரி," என்றான்.

அறுவை முடிந்தது; வால்வு நிற்கவில்லை. சில நாள் கழித்து, பழைய மாத்திரையை டாக்டர்கள் அளந்து அளந்து மறுபடி ஆரம்பித்தார்கள். கால்தான் அசையவில்லை. திரும்பி வருமா என்று கேட்டால், முயற்சி செய்யுங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கால் பயிற்சி முடிந்ததும் ஹூயா தினமும் அவன் முட்டிகளுக்கு நடுவே தலையணையைச் செருகி இழுப்பாள். அது வழுக்கிக்கொண்டு வரும்.

"இன்னிக்கும் ஆடு ஓடிடுச்சு," என்பான்.

"நாளைக்கும் கொண்டு வருவேன்," என்பாள்.

ஒருநாள் காலையில் இழுத்தாள். வரவில்லை. தலையணையின் மூலை எங்கோ மாட்டிக்கொண்டதென்று நினைத்து, காலை ஊன்றி இன்னும் பலமாக இழுத்தாள்.

"மெதுவாடி," என்றான் கெரெயாமா, பல்லைக் கடித்தபடி. "பாதி கத்தரிச்சிட்டேன்."