விரல் தெரிகிற தூரம்

ஷெட்டில் அன்று இருந்தவர்கள்: ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் முதலாளி காளியப்பன், அவர் மகளும் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவளுமான வித்யா, சேலத்திலிருந்து வந்திருந்த வீடியோக்காரர் பிரபாகர், லீவர் பிடிக்கும் நிலவன், ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த ஆட்கள் ஆறு பேர், தமிழரசு. தமிழரசுவின் இடது கையின் இரண்டு விரல்கள் மட்டும் வரவில்லை.

வடக்கே மழை பிடித்துவிட்டால் போர் போடும் வண்டிகள் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிடும். ஷெட்டுக்கு ஷெட் வெல்டிங் வெளிச்சமும் பெயிண்ட் வாசமுமாக இருக்கும். மழை குறைந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். காளியப்பனின் வண்டி வெள்ளிக்கிழமை ராஜஸ்தானுக்குப் போகவேண்டும். அங்கே ஒரு சோலார் கம்பெனியின் வேலை. அந்தக் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. எப்படிப் பத்திரமாக வேலை செய்கிறோம் என்று வண்டிக்காரர்களே ஒரு வீடியோ எடுத்து அனுப்பவேண்டும். அது சரியாக இருந்தால்தான் வண்டி உள்ளே போகலாம். ஆட்களுக்கும் அதையேதான் போட்டுக் காட்டுவார்கள்.

வண்டியில் துளைபோடும் தலைமை ஆளான டிரில்லர் யார் என்று காளியப்பன் இன்னும் சொல்லவில்லை. பதினாறு வருடம் அந்த இடத்தில் நின்றவன் தமிழரசு. எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். காயம் ஆறி, வலி போய், மூன்று விரலில் ஸ்பானர் பிடிக்கப் பழகியும் நான்கு மாதமாகிவிட்டது. அவன் மனைவி செல்லாயி காலையில் தறிக்குப் போய்விடுவாள். அவன் ஷெட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமலேயே துளையிடும் இரும்பு ராடுகளின் திருகு மரைக்குக் கிரீஸ் தடவுவான். போகச் சொல்லி யாரும் சொன்னதில்லை. வரச் சொல்லியும் சொன்னதில்லை.

“மூணு விதமா பண்ணலாம் சார்,” என்றார் பிரபாகர். “மொதல்ல ட்ரோன். மேல இருந்து வண்டி, மாஸ்ட் தூக்கற ஷாட், பின்னணி மியூசிக், இங்கிலீஷ் வாய்ஸ். கம்பெனிக்காரன் அசந்துருவான். ரெண்டாவது, கம்ப்யூட்டர்ல பொம்மை மாதிரி வரைஞ்சு காட்டலாம். அதுக்கு மூணு வாரம் வேணும். மூணாவது, சும்மா ஃபோன்லயே பக்கத்துல நின்னு எடுக்கறது. அதுக்கு நான் எதுக்குன்னு நீங்க கேப்பீங்க.”

“ட்ரோன்னா நல்லாத்தான இருக்கும்?” என்றார் காளியப்பன். வண்டியின் உயரக் கோபுரமான மாஸ்டில் புது மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார். மேலிருந்து பார்க்க அவருக்கே ஆசை.

“மேல இருந்து பாத்தா வண்டி தெரியுமுங்க,” என்றான் தமிழரசு. “விரல் தெரியுமாங்க?”

நிலவன் சிரித்தான். பிரபாகரும் சிரித்தார்.

வித்யா புது ஆட்களிடம் போய், ஃபோனில் எப்படி வீடியோ பார்ப்பார்கள் என்று சைகையில் கேட்டாள். ஒருவன் ஃபோனைச் செங்குத்தாகப் பிடித்துக் கட்டை விரலால் தள்ளிக் காட்டினான். சத்தமே வைக்கவில்லை. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே கேட்காது. அதில் இங்கிலீஷ் குரல் என்ன, எந்தக் குரலும் வீண். அவள் திரும்பி வந்து சொன்னாள்:

“பேச்சே வேண்டாங்ப்பா. ஒரு வேலைக்கு ஒரு துண்டு வீடியோ. அரை நிமிசம். கையை மட்டும் கிட்டக்க காட்டலாம். நெட் இல்லாத காட்டுல கூட ஃபோன்ல வெச்சுப் பாப்பாங்க.”

பிரபாகர் சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தார். “அம்மணி சொல்றதுதான் சரி சார். எனக்குத்தான் நட்டம்.”

மதியம் வரை வேலை சுத்தமாக நடந்தது. ராடு தூக்குவது, ஹோஸ் குழாயின் பூட்டுப் பின்னைச் சரிபார்ப்பது, மாஸ்ட் எழும்பும்போது எங்கே நிற்கக்கூடாது என்பது. எல்லாருக்கும் புதுக் கையுறை கொடுத்திருந்தார்கள். கம்பெனியின் பட்டியலில் அது முதல் வரி. ஒரு ராடோடு அடுத்த ராடைச் சுழற்றிப் பூட்டும் துண்டுக்கு வந்தபோது தமிழரசு தன் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினான்.

“போட்டுக்கங்க தலைவா,” என்றார் பிரபாகர். “ஃப்ரேம்ல வெறுங்கை தெரியுது.”

“ராடு சுத்தறப்ப கிளவுஸ் போடக்கூடாதுங்க.”

“லிஸ்ட்ல இருக்கே.”

“லிஸ்ட் போட்டவன் ராடு பூட்டிப் பாத்திருக்கமாட்டானுங்க.”

காளியப்பன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “தமிழு, ஒரு நிமிச வேல. போட்டுக்க சாமி.”

தமிழரசு சுற்றிலும் பார்த்தான். விளக்கிச் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் எட்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருப்பான். மூலையில் கிடந்த மண்வெட்டிக் காம்பை எடுத்தான். கையுறைக்குள் எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்டுத் துணியைத் திணித்து, காம்பின் நுனியில் மாட்டிக் கம்பியால் கட்டினான். “மெதுவா சுத்து,” என்று நிலவனுக்குச் சைகை காட்டினான். வித்யா தன் ஃபோனைத் தூக்கினாள்.

எஞ்சின் உறுமியது. ராடு திரும்பத் தொடங்கியது. வேகமே இல்லை, கிணற்று ராட்டை சுற்றுகிற மாதிரிதான். தமிழரசு கையுறையின் ஓரத்தை அதில் தொடவைத்தான். ஒரு நூல் மரையில் சிக்கியது. அடுத்த சுற்றில் கையுறை முழுக்க ராடோடு ஒட்டிக்கொண்டது. காம்பு அவன் பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், ஒரு சுற்றுச் சுற்றி இரும்பில் அடித்து இரண்டாக முறிந்தது. நிலவன் லீவரைத் தட்டிவிட்டான். மொத்தம் பன்னிரண்டு விநாடி.

புது ஆட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு வித்யாவின் ஃபோனைச் சுற்றி நின்று இன்னொரு தடவை பார்த்தார்கள். இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதில் மூத்தவன் தன் கையுறையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வித்யா மட்டும் ஃபோனைப் பார்க்காமல் தமிழரசுவைப் பார்த்தாள். ‘கையுறை அணியாத கவனக்குறைவால் விபத்து’ என்று எட்டு மாதத்துக்கு முன்பு அறிக்கை அடித்தவள் அவள்தான். அப்பா சொல்லச் சொல்ல அடித்தாள். அன்று தமிழரசு ஆஸ்பத்திரியில் இருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

“போட்டிருந்தீங்களாண்ணா?” என்றாள்.

“போட்டதுனாலதான் போச்சுங்க.”

காளியப்பன் எழுந்து வந்து அந்தப் பன்னிரண்டு விநாடியைப் பார்த்தார். நிதானமாகவே பார்த்தார். “நெம்ப நல்லாருக்குது. அழிச்சுப்போடு.”

“ஏனுங்ப்பா?”

“கிளவுஸ் போட்டாத்தான் உள்ளயே உடுவான். இதைப் பாத்தா வண்டியத் திருப்பி அனுப்பிருவான்.”

“ராடு தூக்கறப்ப போட்டுக்கலாமுங்க, பூட்டறப்ப கழட்டோணும். அவ்ளோதானுங்க,” என்றான் தமிழரசு. “கம்பெனிக்கு ஒண்ணு அனுப்புங்க. நம்ம ஆளுங்களுக்கு இதைக் காட்டலாம்.”

“ரெண்டு இருந்தா ஒண்ணு வெளிய போவும் சாமி.” காளியப்பன் அவன் தோளில் கை வைத்தார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தமிழரசுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “கம்பெனிக்காரன் பாக்கறதுக்குக் கடைசித் துண்டுல மட்டும் நீ உக்காந்து பேசு. கிளவுஸ் போடல, விரல் போச்சு, நீங்க போட்டுக்கங்கன்னு. ரெண்டே வரி. வெள்ளிக்கெழம வண்டியில நீ ஏறிக்க. டிரில்லர் நீதான்.”

நிலவன் லீவர் பக்கம் திரும்பி, துடைத்த இடத்தையே துடைத்தான்.

கம்பெனிக்குப் பொய் சொல்வதில் தமிழரசுவுக்கு ஒரு உறுத்தலும் இல்லை. எத்தனை ஊரில் எத்தனை அடி ஆழத்துக்கு எத்தனை பொய் சொல்லியிருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்தான். பிரபாகர் காலரில் மைக் மாட்டினார். வெள்ளிக்கிழமை இரவு சங்ககிரி தாண்டி, சேலம் தாண்டி, கேபினில் காலை நீட்டிக்கொண்டு போவதை நினைத்தான். நினைக்கவே உடம்புக்கு நன்றாக இருந்தது.

“என் பேரு தமிழரசு. பதினாறு வருசமா இந்த வேல செய்யறேன். எட்டு மாசத்துக்கு முன்னால ராடு பூட்டறப்ப ரெண்டு விரல் போச்சுங்க. அன்னிக்கு நான்...”

காமிராவுக்குப் பின்னால் அந்த ஆறு பேரும் நின்றார்கள். தமிழ் புரியாவிட்டாலும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அன்னிக்கு நான் கிளவுஸ் போட்டிருந்தேனுங்க.”

“கட்,” என்றார் பிரபாகர். “இன்னொருக்கா போலாம் தலைவா. ஒண்ணும் அவசரமில்ல.”

இரண்டாம் தடவையும் அதே இடத்தில் அதே வார்த்தைதான் வந்தது. மூன்றாவது தடவைக்கு முன்பே அவனாகவே மைக்கைக் கழற்றிப் பிரபாகரிடம் கொடுத்தான்.

காளியப்பன் நாற்காலியைக் கைகாட்டினார். “சரி. நிலவா, நீ வந்து உக்காரு. உனக்கு விரல் எல்லாம் இருக்குது, நீ போட்டுக்கங்கன்னு மட்டும் சொல்லு.” பிறகு மகளிடம், “அழிச்சாச்சா?” என்றார்.

வித்யா தலையைக் குனிந்துகொண்டு ஃபோனில் எதையோ அழுத்தினாள். கொஞ்சம் அதிக நேரம் அழுத்திக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. “ஆச்சுங்ப்பா.” அழித்தாளா, யாருக்காவது அனுப்பினாளா என்று தமிழரசுவுக்குத் தெரியவில்லை. அவள் நிமிரவில்லை.

“நான் வாரேனுங்க,” என்றான் தமிழரசு.

“இரு, நானும் வாரேன்,” என்று காளியப்பன் கூடவே நடந்தார். பெரிய கேட்டில் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு உண்டு. பகலில் அது திறந்தேதான் கிடக்கும். “தீவாளி கழியட்டும். பாக்கலாம். ஊட்டுல கேட்டதாச் சொல்லு.”

“சொல்றேனுங்க.”

அவன் குனிந்து வெளியே காலெடுத்து வைத்தான். சாலையில் இன்னொரு ஷெட்டின் வண்டி, மாலை போட்டுக்கொண்டு, சங்ககிரிப் பக்கம் மெதுவாக ஊர்ந்து போனது. பின்னால் எஞ்சின் மறுபடியும் உறுமியது. சின்னக் கதவு சாத்தப்படும் சத்தம், பிறகு தாழ்ப்பாள், பிறகு பூட்டு. பூட்டு சரியாக விழுந்ததா என்று காளியப்பன் உள்ளேயிருந்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.