கடைசித் துண்டு வெண்ணெய்

டாக்டருக்கு எழுந்து நிற்க இடமில்லை. அந்தச் சமையலறையில் இரண்டு பேர் நின்றாலே ஒருவர் முழங்கை மற்றவர் விலாவில் இடிக்கும். இப்போது ஒருவர் தரையில் நீட்டிப் படுத்திருந்தார். டாக்டர் சுவரைப் பிடித்து எழுந்து, அவருடைய கால்களைத் தாண்டி நிலைப்படிக்கு வந்து, காதில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். அவர் அவசரமில்லாமல் பையை மூடிய விதத்திலேயே, படுத்திருந்தவரின் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"விழறதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாரா? நெஞ்சு வலிக்குது, மூச்சு முட்டுதுன்னு?"

"இல்லயே. சாப்பிடக் கூப்பிட்டார்." அவள் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. தோளில் குத்தி வைத்திருந்த குண்டூசிகளைக்கூட இன்னும் எடுக்கவில்லை.

"சாதாரணமாத்தான் கூப்பிட்டாரா?"

"எப்பவும் கூப்பிடற மாதிரிதான்."

"அப்ப ஒரு நொடில முடிஞ்சிருக்கும்மா. அவருக்கே தெரிஞ்சிருக்காது. இப்படிப் போறதுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கணும்."

கொடுத்து வைத்தவர் அசையாமல் கிடந்தார். மரக்கரண்டி அவர் கைக்கு எட்டாத தூரத்தில் உருண்டு போயிருந்தது. நேற்று சாயங்காலம்தான் நாற்காலி மேல் ஏறி, கூடத்து பல்பை மாற்றி, 'வெளிச்சம் போதுமா மகாராணிக்கு?' என்று கேட்டவர். அவளுக்கு அழுகை வரவில்லை. காது அடைத்துப் போயிருந்தது. டாக்டர் சொன்னதில் 'தெரிஞ்சிருக்காது' என்ற ஒரே வார்த்தையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். சமையலறையில் ஒரு துரும்பை எடுத்து மறுபுறம் போடமாட்டார் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும், ஏனென்றால் லீவு நாள் காலையில் அவர் முட்டை கிளறுவார். அந்த ஒன்றுதான் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவர் பீற்றிக்கொள்கிற பெருமைக்கு ஒரு கல்யாண விருந்தே சமைத்திருக்கலாம்.

கல்யாணமான புதிதில் அவள் முட்டை கிளறியதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தது அது. அவளுக்கு எல்லாம் திகுதிகுவென்று எரியும் தீயில் நாலு புரட்டுப் புரட்டி உதிரி உதிரியாக இறக்கினால்தான் வெந்த திருப்தி. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ரப்பரா?" என்று கேட்டார். அன்றைக்கு வந்த கோபத்தில் அவள் கரண்டியை அவர் கையில் கொடுத்து, நீங்களே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர், அதன்பின் அந்தக் கரண்டியைத் திருப்பித் தரவே இல்லை.

அடுப்பைச் சிறியதிலும் சிறியதாக வைப்பார். முட்டையை நுரை பொங்க அடிக்கமாட்டார், வெள்ளையும் மஞ்சளும் கலந்தால் போதும். பிறகு மரக்கரண்டியால் வாணலியின் அடியைத் தடவித் தடவிக் கிளறிக்கொண்டே நிற்பார். ஓரம் கட்டுவது போலத் தெரிந்தால் வாணலியைத் தூக்கிவிடுவார், கொஞ்சம் ஆறியதும் மறுபடி வைப்பார். பசியில் அவள் முணுமுணுத்தால், "பதறாத காரியம் சிதறாது" என்பார். பார்க்கிறவருக்கு இன்னும் வேகவில்லை என்று தோன்றும் நேரத்தில் அடுப்பை அணைப்பார். "ஈரமா இருக்கறப்பவே இறக்கணும். மிச்சத்த அதோட சூடே பாத்துக்கும்." அதற்கும் மேலே சூடு ஏறிவிடக்கூடாது என்பதற்காக ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்திருக்கும் வெண்ணெய்த் துண்டைக் கடைசியாகப் போடுவார். சில்லென்ற வெண்ணெய் விழுந்ததும் முட்டை வேகுவதை நிறுத்திக்கொள்ளும். அது உருகி, பளபளவென்று ஆனதும்தான் குரல் வரும்:

"சீக்கிரம் வா!"

அவள் ஒரு நாளும் சீக்கிரம் போனதில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் பாதியில் எழுவது அவளுக்கு ஆகாது. அவர் இரண்டாவது முறை கத்துவார், மூன்றாவது முறை வாணலியோடு வந்து நிலைப்படியில் நிற்பார். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன்கூட நான் வர்ற வரைக்கும் பேசாம நிப்பான். முட்டை நிக்குமா?" இந்தச் சண்டை இல்லாத லீவு நாள் அந்த வீட்டில் கிடையாது.

இன்று காலையும் குரல் வந்தது. பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கைய முடிச்சிட்டு வரேன்" என்றாள். மெஷின் சத்தத்தில் ஏதோ விழுந்ததுகூடக் கேட்கவில்லை. இரண்டாவது முறை அவர் கூப்பிடவில்லை. பரவாயில்லையே, மனிதருக்கு இன்றைக்குப் பொறுமை வந்துவிட்டதே என்று சிரித்துக்கொண்டே கையைச் சுற்றிவரத் தைத்து, நூலை வெட்டி, பிசிறை எடுத்து, தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அவளும் பதறாமல்தான் வந்தாள்.

அவள் போட்ட கூச்சலில் முதலில் ஓடி வந்தது கீழ்வீட்டு அக்கா. பிறகு டாக்டர். பிறகு லிஃப்ட்காரருடன் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் வந்து, அவரைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாலு பேரை மேலேயும் கீழேயும் கொண்டுபோவதையே தொழிலாக வைத்திருந்தவரை அவர்கள் மூச்சைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். கட்டில் போட இடம் வேண்டுமென்று தையல் மெஷினைச் சுவரோரம் நகர்த்தினார்கள். அதன் மேலிருந்த சட்டை கீழே விழுந்தது. ஒருவர் எடுத்து மடித்து அவளிடம் கொடுத்தார். கை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மெஷினுக்கு அடியில் திணித்துவிட்டாள்.

மதியத்துக்குள் மகள் வந்து சேர்ந்தாள். ஊரின் மறுகோடியில் இருக்கிறாள். அப்பாவின் செல்லம் என்பதோடு அந்த முட்டைக்கும் அவள்தான் வாரிசு. தன் வீட்டிலும் அப்படியே செய்வாள், புருஷனை அப்படியே கத்திக் கூப்பிடுவாள். வந்தவள் அழவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் தோளில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் சேர்த்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாராம்மா?"

"ஒரு நொடிதான்னு டாக்டர் சொன்னார்."

"டாக்டர் பாத்தாரா? நீ சொல்லு."

"சாப்பிடக் கூப்பிட்டார். சீக்கிரம் வான்னு. அவ்வளவுதான்."

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "கூப்பிட்டாரா? அப்ப முடிச்சிட்டார்மா. வெண்ணெயப் போடாம அவர் கூப்பிடவே மாட்டாரே. எல்லாத்தையும் முடிச்சிட்டு, நல்லபடியா இருந்துதான் கூப்பிட்டிருக்கார். அதுக்கு அப்புறம்தான்..." முடிக்க முடியாமல் அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். வந்ததிலிருந்து முதல்முறையாக அழுதாள். அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

"ஆமா" என்று அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். மகள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஏன் அது தனக்குத் தோன்றவில்லை என்றுகூட ஆச்சரியப்பட்டாள். வெண்ணெய் போட்டிருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார், விழுந்திருக்கிறார். தான் ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. காலையிலிருந்து அடைத்திருந்த காது அப்போதுதான் லேசாகத் திறந்துகொண்டது.

திறந்த காதில் கீழ்வீட்டு அக்காவின் குரல் விழுந்தது. வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் போறப்ப அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துது. நான்தான் அணைச்சேன். அத யாரு கவனிச்சா அந்த நேரத்துல?"

அவள் கை மகளின் தலையில் நின்றுவிட்டது. மகளைக் குனிந்து பார்த்தாள். அவள் விசும்பலில் எதையும் கேட்டிருக்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் என்ன? மறந்திருப்பார். லீவு நாள்தானே, ஏதோ யோசனையில் அணைக்காமல் விட்டிருப்பார். மறதி எல்லோருக்கும் உண்டு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். வெளியூர் கிளம்பினால் பூட்டிய பூட்டை மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு, பாதித் தெருவிலிருந்து அடுப்பைப் பார்க்கத் திரும்பி வருகிற மனிதர் அவர்.

"டீ போடலாம்னு பாத்தேன்" என்று கீழ்வீட்டு அக்கா உள்ளே வந்தாள். "வந்தவங்க எல்லாம் வெறும் வயித்தோட இருக்காங்க. பால் இருக்கா?"

"நான் எடுத்துத் தரேன்."

"நீ உக்காரும்மா. நான் பாத்துக்கறேன்."

"இல்லக்கா. நான் எடுக்கறேன்."

சமையலறையை யாரோ துடைத்திருந்தார்கள். தரை ஈரமாக இருந்தது. அவர் கிடந்த இடத்தை மிதிக்காமல் சுவரை ஒட்டி நடந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்ததும் பால் பாக்கெட்டுக்கு முன்னால் அந்தச் சின்னக் கிண்ணம் இருந்தது. அதில் வெண்ணெய்த் துண்டு, அவர் நேற்றிரவு கத்தியால் நறுக்கி வைத்த சதுரம் மாறாமல், கல் போல உட்கார்ந்திருந்தது.

ஃபிரிட்ஜின் குளிர் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கதவை மூடவில்லை. அவர் அடுப்பை அணைக்கவில்லை. வெண்ணெய் எடுக்கவில்லை. அதற்கு முன்பே கூப்பிட்டிருக்கிறார். முட்டைக்கு இல்லை. தன்னைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கூப்பிட்டிருக்கிறார். அவள் ஒரு சட்டைக் கையைச் சுற்றிவரத் தைத்து முடிக்கிற நேரம் முழுக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாக அவள் தாமதமாகப் போனாளோ, அத்தனையும் சேர்ந்து இன்றைக்கு வந்து நின்றது. வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள்.

மேடை மூலையில் வாணலி இருந்தது. கீழ்வீட்டு அக்கா தட்டைப் போட்டு மூடியிருந்தாள். கொட்டவும் மனசு வந்திருக்காது. தூக்கிப் பார்த்தாள். கட்டி கட்டியாகத் திரண்டு, அடியில் பழுப்பேறி, வறண்டு கிடந்தது. தன் கைப்பக்குவம் போலவே இருந்தது.

கூடத்தில் மகளின் குரல் கேட்டது. "அக்கா, அப்பா செஞ்ச முட்டை என்ன ஆச்சு? கொட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. மேடையிலதான் மூடி வச்சிருக்கேன்."

"நான் பாக்கணும்."

நாற்காலி நகர்ந்தது. மகளுக்குத் தெரியும். அந்த வீட்டில் வாணலியைப் பார்த்தே என்ன நடந்தது என்று சொல்லிவிட அவருக்கு அடுத்தபடியாக அவளால்தான் முடியும். ஈரமாக இறக்கினாரா, வெண்ணெய் போட்டாரா, எல்லாம் தெரிந்துவிடும். இப்போதுதான் அந்தப் பெண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அதுவும் போய்விட்டால் அப்புறம் அவளுக்கு என்ன இருக்கிறது?

அவள் கிண்ணத்தை எடுத்தாள். வெண்ணெய் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நகத்தால் நெம்பி வாணலியில் தள்ளினாள். டக்கென்று விழுந்தது. காலிக் கிண்ணத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபோது மகள் நிலைப்படிக்கு வந்துவிட்டாள்.

"பாரு" என்றாள் அவள். குரல் எங்கிருந்தோ வந்தது. "நீ சொன்ன மாதிரிதான். போட்டுட்டுத்தான் கூப்பிட்டிருக்கார்."

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். வாணலியைப் பார்த்தாள். பழுப்பேறிய கட்டிகளுக்கு நடுவில் வெண்ணெய், ஒரு முனைகூட மழுங்காமல், சதுரமாக, வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தது. மகளின் பார்வை மெதுவாகத் தொட்டிக்குப் போனது. திறந்தே கிடந்த ஃபிரிட்ஜுக்குப் போனது. அம்மாவின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெண்ணெயில் வந்து நின்றது.

வாசலில் யாரோ இருமினார்கள். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா" என்றாள் மகள். "போட்டுட்டுத்தான் கூப்பிட்டிருக்கார்."

கையை நீட்டி ஃபிரிட்ஜ் கதவை மூடினாள். கழுவி வைத்திருந்த மரக்கரண்டியை எடுத்து, அந்த வெண்ணெயை முட்டைக்குள் அழுத்தி, வாணலியின் அடியைத் தடவித் தடவிக் கிளற ஆரம்பித்தாள். ஆறிப்போன முட்டையில் அது உருகவில்லை. அம்மா வாணலியின் பிடியைப் பிடித்துக்கொண்டாள். மகள் நிறுத்தாமல் கிளறிக்கொண்டிருந்தாள்.