தலைகீழாய் மாட்டிய காலர்

1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பன்னிரண்டாந் திகதி, சனிக்கிழமை. விடியற்காலையில் மலைகளின் உச்சியில் மட்டும் மஞ்சு கிடந்தது. எட்டு மணிக்குள் அதுவும் கலைந்துபோக, கச்சான் காற்று மாத்தளை நகரெங்கும் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மழைக்கு அறிகுறி எதுவும் இல்லை. சேணந் தைக்கும் அழகுமுத்துவுக்கு அது மிகுந்த ஆறுதலாக இருந்தது. மழை வந்தால் அன்றைய தோட்டக்காரர் சங்கப் பொருட்காட்சியை ஒத்திவைத்துவிடுவார்கள். எட்டு ஆண்டுகள் பொறுத்தவனுக்கு இன்னும் ஒரு நாள் பொறுக்க மனமில்லை.

அவன் பொறுத்திருந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. கிரேசன் துரை, ஹாலம் துரையின் முகத்துக்கு நேரே நின்று, "அந்தக் குதிரைக்குக் காலர் மாட்டியது நான்தான்" என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். 1903ஆம் ஆண்டில், கிரேசனின் தோட்டத்திற்கென வாங்கிய தேயிலைக் கொழுந்து உருட்டும் இயந்திரம் ரயிலில் வந்து மாத்தளை நிலையத்தில் இறங்கியது. அதை மலையேற்ற எருதுகள் போதா என்று கருதிய கிரேசன், பக்கத்துத் தோட்டத்து ஹாலம் துரையிடம் ஒரு பாரக்குதிரையை இரவல் கேட்டார். ஹாலம் அவுஸ்திரேலியாவிலிருந்து தருவித்து, பெற்ற பிள்ளையைப்போல் வளர்த்த பெட்டைக் குதிரை அது, பெயர் டாப்ஸி. கிரேசனிடம் குதிரைக்காரனாக இருந்தவன் லெட்சுமணன். அவன் அழகுமுத்துவின் உடன்பிறந்த அண்ணன்.

காலர் எனப்படுவது, பாரம் இழுக்கும் குதிரையின் கழுத்தில் ஏற்றும் தடித்த தோல் வளையமாகும். அது முட்டை வடிவினது. குதிரையின் முகம் அகன்றிருப்பதால், வளையத்தைத் தலைகீழாகப் பிடித்து, அகன்ற பக்கம் மேலே இருக்கக் கண்களைக் கடத்திய பின்னர், தொண்டையருகே அரைச் சுற்றுத் திருப்ப வேண்டும். அப்போது அகன்ற பக்கம் கீழே வந்து மூச்சுக்குழலுக்கு இடம் விடும். திருப்பாவிட்டால் குறுகிய பக்கம் மூச்சுக்குழலின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். குதிரை லாயத்தில் ஒரு மாதம் இருந்த எவனும் இதை மறக்கமாட்டான். கிரேசனோ சவாரிக் குதிரையைத் தவிர வேறெதையும் அறியாதவர். அன்று சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொண்டுவர லெட்சுமணனை அனுப்பிவிட்டு, அவசரத்தில் காலரைத் தாமே மாட்டினார்; திருப்பவில்லை.

"துரை, மறிச்சு மாட்டியிருக்குங்க, தலைகீழா நிக்குது," என்றான் திரும்பி வந்த லெட்சுமணன்.

அதற்கு விடையாகச் சவுக்கு அவன் கன்னத்தில் விழுந்தது. ஏற்றத்தின் மூன்றாவது வளைவில், நாக்கு நீலம் பாரித்து, டாப்ஸி விழுந்து செத்தது. "குதிரைக்காரன் காலரை மறித்து மாட்டிவிட்டான்" என்று லெட்சுமணனின் சொல்லையே திருப்பிக் கிரேசன் ஹாலத்துக்கு ஆள் அனுப்பினார்; எது சரியான பக்கம் என்று மட்டும் அவர் கேட்டறியவில்லை.

வேலையிலிருந்து விரட்டியபோது லெட்சுமணனின் கையில் இங்கிலீசில் ஒரு கடிதத்தையும் கொடுத்தார். நற்சான்று என்றெண்ணி, அதைத் தலைப்பாகையில் பத்திரமாகச் செருகிக்கொண்டு, ஏழு பங்களாக்களின் வாசலில் நின்று பணிவோடு நீட்டினான் அந்த அப்பாவி. ஏழிலும் நாயை விரட்டுவதுபோல் விரட்டினார்கள். எட்டாவது தோட்டத்துக் கிளாக்கர்தான் இரக்கப்பட்டு அதை வாசித்துக் காட்டினார்: "இவன் குதிரையைக் கொன்றவன். எவரும் வேலைக்குச் சேர்க்க வேண்டாம்." அதன்பின் வடக்கே வேலை தேடி நடந்தவன், நாலந்தா ஊருக்கு அப்பால் காய்ச்சலில் மாண்டான்.

தாலியைக் கழற்றிய நாளில் அவன் மனைவி பரிமளம் அழவில்லை. கொழுந்தன் அழகுமுத்துவை அருகில் அழைத்தாள்.

"தம்பி, அந்த ஆளு சாகணும்னு நான் கேக்கல. அவன் வாயால சொல்லணும். சொல்லிப்புட்டு உசுரோட இருக்கணும்."

அழகுமுத்து மாத்தளைக் கடைத்தெருவில் இத்ரூஸ் முதலாளியின் சேணக் கடையில் வேலை செய்தான். இவ்வாண்டு தை மாதத்தில் கிரேசன் அந்தக் கடைக்கு வந்தார். தமது பங்களாவின் பக்க அறையில், பன்னிரண்டு அடி மேசையொன்றின்மீது, சீமையிலுள்ள தம் தந்தையின் பண்ணையைச் சிற்றுருவில் அமைத்திருப்பதாகவும், சாவி முறுக்கினால் ஓடும் ரயில் வண்டி அதில் இருப்பதாகவும் சொன்னார். பண்ணையிலிருந்து ரயிலடிக்குக் கோதுமை ஏற்றிச் செல்ல, நான்கு குதிரை பூட்டிய பாரவண்டியொன்றைச் செய்துதர வேண்டும் என்றார். தம்முன் நிற்பவன் யாருடைய தம்பி என்று அவர் வினவவில்லை. துரைமார் அத்தகைய விவரங்களை வினவுவதில்லை.

அழகுமுத்து ஆறு மாதங்கள் உழைத்தான். முருக்கங் கட்டையில் மூன்று அங்குல உயரத்தில் குதிரைகளைச் செதுக்கினான். பிடரிக்கும் வாலுக்கும் உண்மையான குதிரை மயிரை ஒட்டினான்; குளம்பின்மேல் தொங்கும் வெண்மயிருக்கு இலவம் பஞ்சு. வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் தென்னை ஈர்க்கு. சக்கர விளிம்பைச் சுற்றிய பட்டம் பிஸ்கட் தகரம். ஆட்டுத்தோலைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி வெற்றிலை நரம்பளவு மெல்லிய வார்களாக்கி, ஊசிமுனையில் பித்தளைக் கம்பியை வளைத்துக் கொக்கிகள் செய்தான். ஒவ்வொரு தையலிலும் அண்ணனின் கன்னத்துத் தழும்பு அவன் கண்முன் நின்றது. ஆகவே ஒரு தையலும் கோணவில்லை.

எல்லாம் முடிந்தபின் இரண்டு குதிரைகளைப் பங்களாவுக்கு எடுத்துச் சென்றான். ஒன்றுக்குக் காலரைச் சரியாகவும் மற்றதற்கு மறித்தும் மாட்டியிருந்தான்.

"துரை, சீமையில எப்படிங்க மாட்டுவாங்க? இப்படியா, அப்படியா?"

கிரேசன் ஒரு கணமும் தயங்காமல் மறித்து மாட்டியதைத் தொட்டார்.

"இது. பெரிசு மேலே. தலை பெரிசுதானே, மடையன்! நான் பண்ணைக்காரன் மகன். எனக்குத் தெரியாதா?"

"உத்தரவு துரை," என்று அழகுமுத்து குனிந்தான். குனிந்த முகத்தில் இருந்ததைக் கிரேசன் பார்க்கவில்லை.

கடைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும் இத்ரூஸ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பண்ணைக்காரன் மவனாம்! அவர்ட வாப்பா சீமையில புடவைக் கடை வச்சிருந்தவராம். கண்டித் துரைமாரு கதைச்சிச் சிரிச்சத நான் இந்தக் காதால கேட்டேன்." பின்னர் அவர் குரல் தாழ்ந்தது. "அப்ப நாலையும் மறிச்சா மாட்டப் போற? எங்கட கடைப் பேரு நாறிப்போகும், தம்பி."

"கடைப் பேரு அதுல இல்லயே, இத்ரூஸ் நானா. மொத்தத்தையும் தன் கையாலயே செஞ்சேன்னு துரை பொருட்காட்சிக்கு எழுதிக் குடுத்திட்டாரு."

"நடுவர் ஆரு?"

"ஹாலம் துரை."

இத்ரூஸ் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "அப்படியெண்டா வாரை நல்லா இறுக்கிக் கட்டு. வழியில அவிழ்ந்திரப் போகுது," என்றார்.

பொருட்காட்சி அலுவிகாரைக்குப் போகும் வழியிலுள்ள வெளியில் நடந்தது. பிற்பகல் நான்கு மணிக்கு நடுவர்கள் கூடாரத்திற்குள் வந்தனர். மேசைத் துணியைத் தூக்கும் எடுபிடியாகக் கிரேசன் அழகுமுத்துவையே அழைத்து வந்திருந்தார். கூடாரத்தின் திறந்த பக்கத்துக்கு வெளியே, கயிற்றுக்கு அப்பால், தோட்டத்துச் சனங்களோடு பரிமளம் நின்றாள்.

ஹாலம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மேசைமேல் நின்ற வண்டியை நோக்கிக் குனிந்தார். அவர்கள் பேசியது இங்கிலீசு. துரைமாரின் சேணங்களைப் பழுதுபார்த்தே அம்மொழியைப் பழகியிருந்த அழகுமுத்துவுக்கு அது முழுவதும் விளங்கிற்று.

"அற்புதமான வேலை, கிரேசன். யாருடைய கை?"

"என் கைதான். செதுக்கியது, தைத்தது, பூட்டியது எல்லாம்."

"காலர் மாட்டியதும்?"

"ஒவ்வொன்றும். பிழை இருந்தால் என் தலையை எடுத்துக்கொள்."

ஹாலத்தின் விரல் முதற்குதிரையின் கழுத்தில் நின்றது. அடுத்ததற்கு நகர்ந்தது. நான்கையும் தொட்டு முடித்தபோது அவர் முகத்தில் இரத்தம் இல்லை.

"அப்படியென்றால் என் டாப்ஸிக்கு மாட்டியதும் நீதான்."

கிரேசன் குதிரைகளைப் பார்த்தார், ஹாலத்தைப் பார்த்தார், இறுதியில் அழகுமுத்துவைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. மாட்டியது நான் என்றால் குதிரையைக் கொன்றவர்; மாட்டியது நானில்லை என்றால் நடுவர்களை ஏய்த்தவர். வேறு வழி வைக்கப்படவில்லை.

"இவன்தான்!" என்று கத்தினார். "எல்லாம் இந்தப் பயல் செய்தது!"

"எட்டு வருடத்துக்கு முன்னும் இதையே சொன்னாய்," என்ற ஹாலம், அழகுமுத்துவிடம் தமிழில் கேட்டார்: "நீ செஞ்சதா?"

"செஞ்சது நான்தாங்க. மறிச்சு மாட்டச் சொன்னது அவுங்க. ரெண்டு விதமாவும் காட்டிக் கேட்டேன், இதுதான் சரின்னாங்க."

"நீ சேணக்காரன். உனக்குத் தெரியும்தானே?"

"தெரியுங்க. எங்க அண்ணனுக்கும் தெரியும். அன்னைக்குச் சொன்னாரு. சொன்னதுக்குத்தான் சவுக்கடி வாங்குனாரு."

கிரேசன் கைத்தடியை ஓங்கினார். ஹாலம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் குதிரைக்காரனின் பெயர் என்ன, கிரேசன்?"

டாப்ஸியின் வயது கிரேசனுக்கு நினைவிருந்தது, நிறம் நினைவிருந்தது, பல்வரிசைகூட நினைவிருந்தது. ஐந்தாண்டுகள் தம் குதிரையைத் தேய்த்துக் கழுவியவனின் பெயர் நினைவில் இல்லை.

"லெட்சுமணன்," என்றான் அழகுமுத்து.

"கேட்டாயா? மாட்டியது யார் என்று சொல்," என்றார் ஹாலம். "இல்லையென்றால் இன்றைய சங்க விருந்தில் எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் முன்னால் நான் எழுந்து சொல்வேன்."

கிரேசன் இங்கிலீசில் முணுமுணுத்தார். அழகுமுத்து கைகட்டியபடியே இடைமறித்தான்.

"தமிழ்ல சொல்லுங்க துரை. வெளிய நிக்கிறவங்களுக்கு இங்கிலீசு தெரியாது."

கூடாரத்தில் ஒரு துரைசானி வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாலம் பிடித்த கையை விடவில்லை. கிரேசன் கயிற்றுப் பக்கம் திரும்பினார்.

"மாட்டினது... நான். லெச்மன் இல்லே."

"லெட்சுமணன், துரை."

"லெட்சுமணன் இல்லே. நான்."

கயிற்றுக்கு அப்பாலிருந்து பரிமளத்தின் குரல் நிதானமாக வந்தது.

"தம்பி, காத்துல பாதி போயிருச்சு. இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு."

கிரேசன் துரை இன்னொரு முறை உரக்கச் சொன்னார். அப்போது மாலை மணி நான்கு இருபத்திரண்டு.