சாப்பாட்டு அறைக் காவலர்

நார்மன் "நாம" என்று சொல்லும்போதெல்லாம் டோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த மேற்கூரைப் பூவேலைக்கு நாம இத்தாலியில இருந்தே ஆள் கூட்டிட்டு வந்தோம்," என்றார் அவர், அண்ணாந்து பார்த்தபடி.

"நீ எப்போ போய்க் கூட்டிட்டு வந்தே? பஸ்லயா?"

நார்மன் சிரிக்கவில்லை. நாற்பது வருடம் டெர்பி நகர பஸ் டிப்போவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சனிக்கிழமைதோறும், ஊர் ஜனம் சுற்றிப் பார்க்கத் திறந்துவிடும் ஹார்ட்கம் மாளிகையின் சாப்பாட்டு அறையைச் சம்பளமில்லாமல் காவல் காக்கிறவர். சட்டையில் பெயர் அட்டை, கழுத்தில் டை. போன ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டு அடுப்படியில் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?" என்று கேட்டார். அந்த "நாம" அவளுக்குப் பிடித்திருந்தது. கணவன் போன பிறகு, ஒன்பது வருடத்தில் யாரும் அவளைச் சேர்த்து அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும், "முதல்ல உன் மாளிகையில உன்னைப் பாக்கணும், அப்புறம் சொல்றேன்," என்றாள். மூன்று மணிக்கு அவர் காவல் முடியும். தோட்டத்தில் டீ குடிக்கும்போது பதில் சொல்வதாக ஏற்பாடு.

பார்த்தவரை ஒன்றும் மனதுக்கு ஒட்டவில்லை. சுவர் முழுக்க ஏழு தலைமுறைப் பிரபுக்கள், எல்லோருக்கும் ஒரே தாடை. குதிரையோடு நின்ற ஒருவரின் படத்தில் குதிரைதான் ஏதோ யோசிப்பதுபோல் இருந்தது. மாடியில் யாரோ ஒரு சீமாட்டியின் மூத்திரப் பாத்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மழைச்சட்டை போட்ட ஒரு தம்பதி அதன்முன் குனிந்து, தேவாலயத்தில் பேசுவதுபோல் கிசுகிசுத்தார்கள். அதையெல்லாம் பார்த்து இறங்கி வந்ததில் டோரீனுக்குக் கால் கடுத்தது. முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

ஜன்னலோரம் ஒரு பட்டு நாற்காலி. அதன் நடுவில் ஒரு பைன் மரக் காய். உட்காராதே என்று எழுதி வைத்தால் மரியாதையாக இருக்காது என்று இந்த மாதிரி வீடுகளில் காயை வைத்துவிடுவார்கள். வருகிறவர்கள் புரிந்துகொண்டு நின்றே சாவார்கள். டோரீன் காயை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். நார்மன் இரண்டே எட்டில் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"மேடம், தயவுசெஞ்சு எந்திரிங்க."

மேடம்! அவர் காலுறையின் ஓட்டையை நேற்று ராத்திரிதான் தைத்துக் கொடுத்தாள்.

"முட்டி வலிக்குது, நார்மன்."

"எல்லாரும் பாக்குறாங்க. எந்திரிங்க, மேடம்."

எழுந்தாள். அவர் காயை எடுத்து, அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கதவு திறந்தது. முழங்கை கிழிந்த ஸ்வெட்டரோடு மாளிகையின் இன்றைய பிரபு வந்தார். படத்திலிருந்த அதே தாடை. கூடவே சேற்றுக் காலோடு ஒரு நாய். நாய் ஒரே தாவலில் நாற்காலிமேல் ஏறிப் பைன் காயைக் கவ்விக் கடிக்க ஆரம்பித்தது.

"எல்லாம் நல்லா போகுதாப்பா, டெனிஸ்?"

"நல்லா போகுதுங்க ஐயா," என்றார் நார்மன். நாயைப் பார்த்து, பேரப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் சிரிக்கவும் செய்தார்.

பிரபு விசிலடித்தபடி நாயோடு போய்விட்டார். பட்டில் நான்கு பழுப்புக் கால்தடங்கள்.

"டெனிஸ் யாரு?" என்று கேட்டாள்.

"எனக்கு முன்னாடி இங்க இருந்தவர்."

"நீ வந்து எத்தனை வருஷமாச்சு?"

"ஆறு." நார்மன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். "அவருக்கு ஆயிரம் ஜோலி, டோரீன். இதெல்லாம் ஒரு விஷயமா?"

அவள் வெளியே வந்துவிட்டாள். கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை, வீட்டுக்குப் போய்க் கத்தித் தீர்த்துவிடலாம். இது வேறு. பிள்ளை மாதிரி நல்ல மனிதன். அந்தக் கைக்குட்டையைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

தோட்டத்தில் ரோஜாக்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். டோரீன் இரண்டு டீ வாங்கி வைத்துக்கொண்டு, வெயில் படுகிற மேசையில் உட்கார்ந்தாள். மணி மூன்றடித்தது. மூன்றேகால் ஆனது. அவளுடைய கோப்பை காலியானது. எதிர்க் கோப்பையில் ஆடை படிந்தது.

அப்போது சாப்பாட்டு அறை ஜன்னலில் வெயிலுக்கான திரை இறங்கத் தொடங்கியது. அவள் மேசையைப் பார்த்தபடி நின்ற நார்மனின் தலை மறைந்தது, டை மறைந்தது, பெயர் அட்டை மறைந்தது. பாதியில் நின்றது. திரைக்குக் கீழே கயிற்றைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது, இறக்காமலும் ஏற்றாமலும்.