போதும் என்கிற ஓசை

சௌந்திரம் அம்மாளின் ஒட்டிய வயிற்றுக்கு எருமப்பட்டி வட்டாரத்தில் தனி மரியாதை உண்டு. எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவர் இரண்டாம் முறை சோறு வாங்கியதில்லை. பாயசத்தில் ஒரு வாய் மட்டும் எடுத்துக்கொண்டு இலையை மூடிவிடுவார். அறுபத்தைந்து வயதிலும் முதுகு வளையவில்லை. வாயைக் கட்டத் தெரியாதவர்களை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அப்படிப்பட்டவர்களில் முதலிடம் அவருடைய மருமகள் மதுமதிக்கு.

மதுமதி அயல் பெண் அல்லள். சௌந்திரத்தின் கூடப்பிறந்த அண்ணன் வேலுமணியின் மகள். உரிமைப் பெண் என்று கேட்டு மகன் நவநீதகிருஷ்ணனுக்குக் கட்டிக்கொண்டு வந்தவள். சிறு வயதிலிருந்தே பருத்த உடம்பு. சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போதே அடுத்த வேளைச் சோறு அவள் நினைவுக்கு வந்துவிடும். அவளுடைய அப்பாவும் அப்படித்தான் இருந்தார்; ஐம்பதைத் தொடும் முன்பே சர்க்கரை முற்றி இறந்தார். இழவுக்கு வந்தவர்களே ‘தின்னே செத்தான்’ என்று பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருந்தது. இப்போது அவளுக்கும் சர்க்கரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அப்பாவின் வழியே தானும் போய்விடுவோமோ என்ற பயம் அவளை விடவில்லை.

அஸ்தம்பட்டியில் ஹார்மோன் நோய்களைப் பார்க்கும் மருத்துவர் தமிழினி, வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்றைப் பரிந்துரைத்தார். நவநீதகிருஷ்ணன் சம்மதித்தான், அம்மா சம்மதித்தால். அம்மா சம்மதிக்கவில்லை.

“வாயைக் கட்ட மாட்டாம ஊசி போட்டுக்கறதா? உனக்கும் எனக்கும் ஒரே ரத்தம். என்ற உடம்புல இல்லாத நோவு உனக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?”

அதே கேள்வி மருத்துவருக்கும் இருந்தது. மதுமதியின் மரபணு ஒன்றில் பிழை இருப்பது சோதனையில் தெரிந்திருந்தது. அது அப்பா வழியில் வந்ததா என்று பார்க்க அப்பா இல்லை, அத்தைதான் இருந்தார். தம் ரத்தத்தையும் எடுத்துப் பார்க்கச் சௌந்திரம் தாமாகவே முன்வந்தார். ஆனால் நிபந்தனை போட்டார். தமக்கும் அந்தப் பிழை இருந்தால் ஊசிக்குக் குறுக்கே நிற்க மாட்டார். இல்லையென்றால் ஊசி என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. மதுமதிக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்த ஒட்டிய வயிற்றுக்குள் என்ன பிழை இருந்துவிடப் போகிறது?

முடிவு வந்ததும் மூவரும் அஸ்தம்பட்டிக்குப் போனார்கள். தமிழினி நாமக்கல்லில் லாரி ஓட்டிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். லாரியை வைத்தே விளக்கினார். வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று பாடியைத் தட்டுகிறார். அதைக் கேட்டு டிரைவர் பிரேக் போடுகிறார். உடம்பும் அப்படியே. உண்ட சோறும் சேர்ந்த கொழுப்பும் ‘இருப்பு இருக்கிறது’ என்று ஹார்மோன்களைக் கொண்டு மூளைக்குத் தட்டிச் சொல்கின்றன. மூளையின் அடியில், நரம்பணுக்களின் மேல் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதம்தான் அதைக் கேட்கும் காது. கேட்டதும் பசியை அடக்கும். அத்துடன் நில்லாமல், இருப்பை எரித்துச் செலவிடும்படி உடம்புக்கும் சொல்லி அனுப்பும். கண்ணுக்கே தெரியாத ஒன்று, பிறந்தது முதல் ஒரு நாளும் ஓய்வில்லாமல், ஒரு மனிதரின் வரவையும் செலவையும் நேர் செய்கிறது என்று சொல்லும்போது, எத்தனையோ முறை சொல்லியிருந்தும் மருத்துவரின் குரலில் வியப்பு குறையவில்லை. அந்தக் காதைச் செய்யும் மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு. அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. மதுமதிக்கு அவற்றில் ஒன்று செவிடு.

“அது அவளுக்கு. எனக்கு?” என்றார் சௌந்திரம்.

“உங்களுக்கும் அதேதானுங்கம்மா.”

பிழை உள்ள எல்லோரும் பருத்துவிடுவதில்லை என்றும், அதற்குப் பல காரணங்கள் உண்டு என்றும் சொன்ன மருத்துவர், சாப்பிட்டு எழும்போது சௌந்திரத்துக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார்.

“எப்படி இருக்கும்? பசியாத்தான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தானுங்களே. எந்திரிக்கோணும்னு எந்திரிக்கறதுதான்.”

“இல்லீங்கம்மா,” என்றான் நவநீதகிருஷ்ணன் தயங்கியபடி. “எனக்குப் போதும்னா வேண்டாம்னு இருக்குமுங்க. அதுக்கு மேல எறங்காதுங்க.”

“நெசமாலுமே வேண்டாம்னு இருக்குமா?”

“ஆமாங்க.”

சௌந்திரம் மகனை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மருத்துவரைப் பார்த்தார். மருத்துவரும் தலையசைத்தார்.

மதுமதி அத்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக அந்த ஒட்டிய வயிற்றைக் கண்டு அவள் அஞ்சியிருக்கிறாள், வெறுத்தும் இருக்கிறாள். தன்னைத் தின்னும் அதே பசிதான் அதற்குள்ளும் இருந்திருக்கிறது. தட்டும் ஓசை பாதிதான் கேட்கும் வண்டியை, பக்கத்துக் கண்ணாடியை மட்டும் பார்த்து, ஒரு நாளும் எதன் மீதும் மோதாமல் அறுபத்தைந்து வருடம் ஓட்டி வந்திருக்கிறார் இந்த மனுஷி. எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று வேறு நினைத்திருக்கிறார்.

வீடு வந்ததும் சௌந்திரம் ஃப்ரிட்ஜைத் திறந்து, தயிர்ச் சட்டியை நகர்த்தி, ஊசி மருந்துக்குத் தம் கையாலேயே இடம் செய்தார். கதவைச் சாத்திவிட்டு, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்:

“என்ற அண்ணன் தின்னு சாகல. நாளைக்கு எவளாச்சும் அப்படிச் சொன்னா எங்கிட்ட அனுப்பு.”

ஊசியின் மருந்து வேறொரு ஏற்பியின் வழியாக அதே செய்தியை மூளைக்குக் கொண்டு போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் வாரங்களில் குமட்டலைத் தவிர மதுமதி ஒன்றும் உணரவில்லை. அளவைக் கூட்டிய பிறகு, ஒரு காலை, தட்டில் பாதித் தோசை இருக்கும்போதே அவள் கை நின்றது. தட்டை உற்றுப் பார்த்தாள். எதிரே, வழக்கமான இரண்டு தோசையை முடித்துவிட்டு அத்தை உட்கார்ந்திருந்தார்.

“ஏன் சாமி, நல்லால்லையா?”

“நல்லாத்தானுங்க அத்தை இருக்குது. ஆனா வேண்டாம்னு இருக்குதுங்க.”

சௌந்திரம் முன்னால் சாய்ந்தார். “எப்படி இருக்குது? சொல்லு.”

மதுமதி யோசித்தாள். பக்கத்துத் தோட்டத்தில் அண்மையில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டார்கள். “ரிக் வண்டி பகலும் ராத்திரியும் ஓடுச்சுங்களே. பொறவு திடீர்னு நிறுத்துனாங்க. அப்பத்தானே குருவி கத்தறதே நம்ம காதுல உழுந்துச்சு. அப்படி இருக்குதுங்க.”

அத்தை தம் காலித் தட்டைப் பார்த்தார்.

“எனக்கு அந்த வண்டி பொறந்ததுல இருந்து ஓடுது. அதுதான் ஊட்டுச் சத்தம்னு நெனச்சுட்டேன்.”

மதுமதி அடுப்பின் பக்கம் திரும்பினாள். “கல்லு சூடாத்தானுங்க இருக்குது. இன்னொன்னு ஊத்தட்டுங்களா அத்தை? வேணுங்களா?”

இந்தக் கேள்விக்குச் சௌந்திரம் அம்மாள் காலமெல்லாம் சொல்லிவந்த பதில் ஒன்றே: வேண்டாம். இன்று கொஞ்சம் யோசித்தார்.

“வேணும்தான் சாமி,” என்றார். “ஆனாலும் ஊத்தாத.”

சொல்லிவிட்டு, எப்போதும்போல முதுகு வளையாமல் எழுந்து கை கழுவப் போனார். மதுமதியும் எழுந்து நின்றாள். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வரும்வரை அவள் உட்காரவில்லை.